டிக்கெட் விலையைத் தொடும் முன் கேட்டில் நின்று எண்ணுங்கள்

எங்கள் பக்கத்தில் கமிட்டி கூடினால் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். கூட்டம் குறைந்துவிட்டது, டிக்கெட்டைப் பத்து ராண்ட் குறைத்துப் பார்ப்போம் என்பார் ஒருவர். குறைத்தால் நடுவருக்கு யார் பணம் கொடுப்பது, ஏற்றத்தான் வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கேட் பக்கம் வந்தே பல மாதம் ஆகியிருக்கும். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்ன கால்பந்து கிளப்பின் கேட் கணக்கைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன், பணப்பெட்டியும் டிக்கெட் சுருளும் என் மடியில்தான் இருக்கும். ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை எண்ணுவது. விற்ற டிக்கெட்டை அல்ல, வந்த தலைகளை. இரண்டும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் கமிட்டிக்காரரின் மச்சான், ஆட்டக்காரரின் நண்பர்கள், பின்பக்க வேலியில் ஏறிக் குதிக்கும் பையன்கள் என்று டிக்கெட் இல்லாமல் உள்ளே வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்கள், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள். ஆட்டம் தொடங்கும்போது ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை, நடந்துபோய் எண்ணி எழுதுங்கள். சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம் இப்படிச் செய்தால் போதும், படம் தெளிவாகிவிடும். எங்களுக்குத் தெரியவந்தது இதுதான்: ஆண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தார்கள், காணாமல் போனது பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வரும் அம்மாக்களும் பாட்டிகளும். மொத்தக் கூட்டத்துக்கும் பத்து ராண்ட் குறைத்திருந்தால், எப்படியும் வரப்போகிற ஆண்களுக்குத் தள்ளுபடி கொடுத்ததுதான் மிச்சமாகியிருக்கும்.

எண்ணிய பிறகு வராதவர்களிடம் போங்கள். வந்தவர்களிடம் கருத்துக் கேட்பது சுலபம், ஆனால் அவர்கள்தான் வந்துவிட்டார்களே. கோயில் வாசலில், பள்ளிக்கூட கேட்டில், முடி வெட்டும் கடையில் கேளுங்கள். "ஏன் வருவதில்லை?" என்று கேட்டால் "நேரமில்லை தம்பி" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கடைசியாக எப்போது வந்தீங்க, யாரோடு வந்தீங்க, எப்படி வீட்டுக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் வெளியே வரும். இருட்டின பிறகு மினிபஸ் டாக்ஸி கிடைக்காமல் பிள்ளைகளோடு நின்றோம், அதோடு விட்டுவிட்டோம் என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவருக்கு நான் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் அவர் வரமாட்டார்.

விலை தடையாக இருக்கும் இடமும் உண்டு, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, ஒரு அப்பா மூன்று பிள்ளைகளோடு வந்தார். பலகையில் விலையைப் பார்த்தார், பையிலிருந்து சில்லறையை எடுத்து உள்ளங்கையில் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார், அப்புறம் பிள்ளைகளுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு "நான் வெளியே நிற்கிறேன், முடிந்ததும் இங்கேயே வாங்க" என்றார். ஆட்டம் முழுக்க வேலிக்கு வெளியே நின்றார். அவரை நானே உள்ளே விட்டிருக்கலாம், கேட்டில் வரிசை இருந்ததால் விடவில்லை, அது இன்னும் மனதை அறுக்கிறது. அந்த வாரமே குடும்ப டிக்கெட் பற்றிக் கமிட்டியில் பேசினேன்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று யோசிக்காதீர்கள், ஒரு வீட்டுக்கு அந்த மதியம் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். இரண்டு பெரியவர்கள் தலைக்கு 40 ராண்ட், இரண்டு பிள்ளைகள் தலைக்கு 20 என்றால் கேட்டிலேயே 120 போய்விடும். அதற்கு மேல் நான்கு பேருக்குப் போக வர டாக்ஸி, உள்ளே இரண்டு கால் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு), குளிர்பானம், சின்னவன் கேட்கும் சிப்ஸ். இதை உங்கள் ஊர் விலையில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளுக்கு டிக்கெட் அதில் பாதிகூட வராது. குடும்ப டிக்கெட்டை 80 ராண்டாக வைத்து, பெரியவர் இரண்டு பேர், பிள்ளைகள் எத்தனை பேர் ஆனாலும் சரி என்று எழுதிவிடுங்கள். பாட்டியும் ஒரு பெரியவர்தான், அப்பா அம்மாதான் வர வேண்டும் என்று கேட்டில் வாதம் செய்யாதீர்கள்.

இப்போது குறைப்புக் கணக்கு. உதாரணத்துக்கு, 40 ராண்டுக்கு 180 பேர் வந்தால் 7,200. விலையை 25 ஆக்கினால் அதே பணம் கைக்கு வர 288 பேர் வேண்டும், அதாவது புதிதாக 108 பேர். பயமாக இருக்கிறதா? உணவுக் கடை உங்களுடையது என்றால், தலைக்குப் பத்து ராண்ட் லாபம் அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது பழைய வரவு 9,000, புதிய விலையில் அதை எட்ட 258 பேர் போதும். முப்பது பேர் வித்தியாசம் கடையாலேயே வந்துவிடுகிறது. அதனால் கடையை வெளியாளுக்குக் குத்தகை விட்டிருக்கும் கிளப்புக்கும் சொந்தமாக நடத்தும் கிளப்புக்கும் ஒரே விலை பொருந்தாது. மைதான வாடகை, நடுவர்கள், காவலர்கள், முதலுதவி ஆட்கள், இந்தச் செலவெல்லாம் 50 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் பெரிதாக மாறாது. காலி இருக்கையால் ஒரு காசு மிச்சமில்லை.

துணிந்து குறைத்தவர்களுக்கு நல்லது நடந்ததுண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சிட்டி கிளப், லீக்கின் நான்காம் அடுக்கில் ஆடிய 2007-08 சீசனுக்கு, சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்கு இறக்கியது. 12,000 பேருக்கு மேல் வாங்கினார்கள். நீங்கள் குறைக்கும்போது ஒரு நிபந்தனையும் வையுங்கள், அப்போது விற்கும் வேலையை ரசிகரும் சேர்ந்து செய்வார். "150 பேர் சேர்ந்தால் இந்த விலை" என்று போடுங்கள். விலையை ஏற்றுவதென்றால் முதலில் ரசிகர்களிடம் பேசிவிட்டு ஏற்றுங்கள். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்ட் டிக்கெட் கொண்டுவரப் போகிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் 77-வது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள், சில நாளில் முதலாளிகள் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அது பெரிய கிளப், சத்தம் கேட்டது. நம் ரசிகர் சத்தம் போடமாட்டார், அடுத்த வாரம் வரமாட்டார், அவ்வளவுதான்.

இலவசம் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். கட்டுக் கட்டாக இலவச டிக்கெட்டைக் கடைகளில் வைத்துவிட்டு வருவதை நான் ஏற்கவில்லை. அதை எடுத்தவர் மழைத் தூறல் விழுந்தாலே வீட்டில் இருந்துவிடுவார், பணம் கொடுத்து வாங்கியவருக்கோ தான் ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும். ஜெர்மனியில் ஃபோர்ச்சுனா டசல்டார்ஃப் 2023-ல் சில ஆட்டங்களை முழுக்க இலவசமாக்கியது உண்மை, ஆனால் அங்கே செலவை ஸ்பான்சர் நிறுவனங்கள் ஏற்றன, பெயர் கொடுத்து விண்ணப்பித்துக் குலுக்கலில்தான் இடம் கிடைத்தது. நீங்களும் அப்படிச் செய்யலாம்: ஒரு மளிகைக்கடைக்காரர் ஒரு ஆட்டத்துக்கான ஐம்பது டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கட்டும், ஒரு பள்ளியின் பெயர்ப் பட்டியலுக்குப் போகட்டும், டிக்கெட்டின் பின்பக்கம் அவர் கடை முத்திரை இருக்கட்டும்.

சீசன் டிக்கெட்டை மொத்தமாகக் கேட்காதீர்கள். பன்னிரண்டு ஆட்டத்துக்கு 300 ராண்ட் நியாயமான விலைதான், ஆனால் ஜனவரியில் பள்ளிச் சீருடை வாங்கிய வீட்டில் 300 ராண்ட் ஒரே கையாக இருக்காது. நம் வீடுகளில் சீட்டுக் கட்டுவது எல்லோருக்கும் தெரியும், இந்த நாட்டில் அதற்கு ஸ்டோக்வெல் என்று பெயர், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே வழியில் ஆறு மாதம், மாதம் 50 என்று வசூலியுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், கையில் ஒரு நோட்டு, ஒவ்வொரு மாதமும் கையெழுத்து. பணம் கட்டியவர் வருவார், வராவிட்டாலும் டிக்கெட்டைத் தம்பி மகனிடம் கொடுத்து அனுப்புவார்.

எங்கே விற்கிறீர்கள் என்பதும் விலை போலவே முக்கியம். 2010 உலகக் கோப்பையில் இந்நாட்டில் வசிப்பவர்களுக்கென்று 140 ராண்ட் டிக்கெட் இருந்தது, ஆனால் தொடக்கத்தில் இணையம், வங்கிப் படிவம் என்று சுற்றவிட்டதால் உள்ளூரில் விற்பனை மந்தமாகவே இருந்தது. ஏப்ரல் நடுவில் கவுன்டர் திறந்து கையில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்த அன்று நாடு முழுக்க வரிசை நின்றது. விலை மாறவே இல்லை. ஆன்லைனில் மட்டும் விற்கிறோம் என்று பெருமைப்படும் சின்ன கிளப்புகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேக்கரியில் ஒரு கட்டு, மசாலாக் கடையில் ஒரு கட்டு வையுங்கள், கேட்டில் ரொக்கமும் வாங்குங்கள், அட்டை இயந்திரமும் வையுங்கள்.

நேரம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரடியாக ஒளிபரப்ப மாட்டார்கள், சின்ன கிளப்புகளின் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக. அவர்கள் தங்கள் ஊர் மைதானங்களைக் காப்பாற்றிக்கொண்டு அந்த ஆட்டங்களை நமக்கு நேரடியாக விற்கிறார்கள். அங்கே மூன்று மணி ஆட்டம் நமக்கு அவர்கள் கோடையில் நான்கு மணி, குளிர்காலத்தில் ஐந்து மணி. மதியம் 12:30 ஆட்டம் நமக்கு 1:30 அல்லது 2:30. சனிக்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் விசில் ஊதினால் மான்செஸ்டரோடு மோதுகிறீர்கள், வேண்டாம். காலை பதினொன்றுக்கு வையுங்கள், ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவு ஆட்டத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன், டாக்ஸி கிடைக்காது என்ற பயமும் உண்டு, விளக்குச் செலவும் அதிகம்.

நம் நாள்காட்டியையும் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் பாதி ஊர் கோயிலில் இருக்கும். புரட்டாசி சனிக்கிழமைகளும் அப்படித்தான், அந்த மாதம் முழுக்கப் பல வீடுகளில் கறி கிடையாது. எங்கள் கடையில் ஒரு புரட்டாசியில் வழக்கம்போல ஆட்டுக்கறி பன்னியை மட்டும் வைத்து, பானை அப்படியே மிஞ்சியது. இப்போது அந்த மாதம் சுகர் பீன்ஸ் பன்னி, தனிப் பானை, தனிக் கரண்டி, அதை ஒரு அட்டையில் எழுதியும் வைக்கிறோம். ஆட்டத்துக்கு வராமலே பன்னி வாங்க வந்தவர்கள் உண்டு, அவர்களில் சிலர் நின்று இரண்டாம் பாதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2001 ஏப்ரல் 11-ல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸ் கிளப்புகளின் ஆட்டத்தில் நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். 2010-ல் வந்த விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் 2,000 பேர் கொள்ளும் இடங்களிலிருந்து பொருந்தும், ஆட்டத்தின் ஆபத்து அளவைக் காவல்துறை தரம் பிரிக்கும். பெரிய கிளப்போடு ஆட்டம் என்றால் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். சின்ன மைதானமாக இருந்தாலும் வெளியேறும் கேட்டைப் பூட்டாதீர்கள், பெண்கள் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்டால் டர்பனின் பழைய கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானக் காலத்தைச் சொல்வார்கள், மேனிங் ரேஞ்சர்ஸ் கிளப்பைச் சொல்வார்கள். 1928-ல் தொடங்கிய அந்த கிளப் 1996-97-ல் கார்டன் இகசண்ட் பயிற்சியில் நாட்டின் உயர்மட்ட லீக்கான பிஎஸ்எல்லின் முதல் பட்டத்தை வென்றது, சொந்த மைதானம் இதே சாட்ஸ்வர்த். பின்னர் கைமாறி கேப்டவுனுக்கே போய்விட்டது. அந்த இழப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஊர் மைதானத்துக்கு ஆட்களைத் திரும்ப இழுக்க நான் பார்த்ததில் மிகச் சிறந்த வழி, பெரிய ஆட்டத்துக்கு முன் இரண்டு பள்ளிகளின் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அரை மணி நேரம் ஆட விடுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, மாமா, ஆச்சி என்று இரண்டு மூன்று பேர் வருவார்கள், அடுத்த ஆட்டத்துக்கு வேறு இரண்டு பள்ளி. அந்தப் பிள்ளைகளையே கைபிடித்து அணிகள் மைதானத்துக்குள் வரட்டும்.

விலையை மாற்றினால் பத்து ஆட்டத்துக்காவது அதே விலையில் விடுங்கள், மூன்றாவது ஆட்டத்தில் பதற வேண்டாம். அதே நான்கு கட்டத் தாளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிரப்புங்கள், வானிலை, எதிரணி, அன்று டிவியில் என்ன ஆட்டம் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மழையால் குறைந்த கூட்டத்துக்கு விலையைப் பழிப்பீர்கள். விலைப் பலகையைக் கேட்டுக்கு இருபது அடி முன்னால், ஆங்கிலத்திலும் ஸுலுவிலும் தமிழிலும் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர் வரிசையில் நின்று, என் மேஜைக்கு முன்னால் வந்த பிறகு சில்லறை எண்ணும்படி வைக்காதீர்கள்.