நீராவி மர மில்லைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நீராவி எஞ்சினால் ரம்பத்தை ஓட்டி மரம் அறுக்கும் பழைய மில்களைப் பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களோடு அடிக்கடி போய்வருகிறேன். தொளதொள உடை, செருப்பு, ஓடும் பெல்ட்டுக்குக் கிட்டே பிள்ளைகளை விடுவது பற்றியெல்லாம் வாசலிலேயே எச்சரித்துவிடுவார்கள். அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாமல் விடுகிற தவறுகள்தான் இங்கே. ஆரம்பத்தில் நானும் செய்தவைதான் பெரும்பாலும்.

‘திறந்திருக்கும்’ என்றால் ‘ஓடும்’ என்று நினைப்பது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தெரிந்த குடும்பம் ஒன்று விடுமுறையையும் சேமிப்பையும் இதற்கென்றே ஒதுக்கி, பிள்ளைகளோடு ஒரு மில்லுக்குப் போனது. வாசல் திறந்திருந்தது, டிக்கெட்டும் கொடுத்தார்கள். உள்ளே போனால் பாய்லர் சில்லிட்டுக் கிடக்கிறது, பெல்ட்டுகளைக் கழற்றிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய பையன் எஞ்சினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எப்பம்மா சுத்தும்?” என்று கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சுற்றாது என்பதை ஒருவரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

வளாகம் பல மாதங்கள் திறந்திருக்கலாம். நீராவி ஏற்றும் நாட்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. கலிபோர்னியாவில் செபாஸ்டபோல் அருகே உள்ள ஸ்டர்ஜன்ஸ் மில்லைத் தன்னார்வலர்கள்தான் ஓட்டுகிறார்கள். வருடத்தில் சில வார இறுதிகளில் மட்டுமே அங்கே ரம்பம் சுற்றும். கனடாவின் வான்கூவர் தீவில், போர்ட் ஆல்பர்னி பக்கம் இருக்கும் மெக்லீன் மில் 1926 முதல் 1965 வரை தொழில் நடந்த இடம், இன்று தேசிய வரலாற்றுத் தலம். அங்கேயும் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது வேறு, மில் ஓடுவதைப் பார்ப்பது வேறு.

எல்லாவற்றுக்கும் காரணம் பாய்லர்தான். குளிர்ந்து கிடந்த பாய்லரில் அவசரமாக நெருப்பைக் கூட்டினால் தகடும் குழாய்களும் ஒரே சீராக விரியாது, இணைப்புகள் கசிய ஆரம்பிக்கும். அதனால் மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள், மணிக்கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் தேர்ந்த ஆள் ஒருவர் பிரஷர் மீட்டரையும் நீர்மட்டக் கண்ணாடியையும் பார்த்தபடியே இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கி, நெருப்புப் படும் தகடு காய்ந்துவிட்டால் பாய்லர் வெடிக்கிற அளவுக்குப் போய்விடும். இதோடு பாய்லர் சோதனை, காட்டுத்தீக் காலம் என்று தள்ளிப்போடக் காரணங்கள் பல.

எனவே போன் செய்து இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அன்றைக்கு நீராவி ஏற்றுகிறீர்களா? மரம் அறுப்பீர்களா? எஞ்சினை மட்டும் சும்மா சுற்றவிடும் நாட்களும் உண்டு. அதில் பாதிதான் பார்த்த மாதிரி. ரம்பம் மரத்தில் இறங்கும் அந்த நொடிதான் முக்கியம். சுமை ஏறியதும் எஞ்சினின் வேகம் சற்றுத் தளரும். எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் ‘கவர்னர்’ என்ற கருவியில் சுழலும் இரும்புக் குண்டுகள் லேசாகத் தாழும், வால்வு அகலத் திறக்கும், அதுவரை மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று கனத்த குரலில் இரைய ஆரம்பிக்கும். ரம்பம் மறுமுனையில் வெளியே வந்ததும் குண்டுகள் மறுபடி மேலே ஏறிவிடும். யாருடைய கையும் படாமல் நடக்கிற வேலை இது. இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முடிந்தால் காலையிலேயே, நெருப்பு மூட்டும் நேரத்துக்கே வரலாமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

ரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது

கூட்டம் நேராக ரம்பத்துக்குத்தான் போகும். நீங்கள் பாய்லரிலிருந்து தொடங்குங்கள். வட்ட ரம்பம் தடிமனானது, அறுக்கும் ஒவ்வொரு முறையும் மரத்தில் கணிசமான பங்கைத் தூளாக்கிவிடும். அந்தத் தூளும் கழிவுக் கட்டைகளும்தான் பாய்லருக்கு விறகு. ஆற்று நீரின் விசையை நம்பியிருந்த தொழில் காட்டுக்குள்ளேயே போக முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பிறகு எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டு, ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு பெல்ட்டாகப் பின்தொடருங்கள். எட்டுப் போல முறுக்கி மாட்டிய பெல்ட் கண்ணில் பட்டால், அங்கே சுழற்சியின் திசை மாறுகிறது.

ரம்பத்துக்கு நேர்கோட்டில் நிற்பது

கூடவே கூடாது. தடுப்புக் கயிறுக்கு வெளியே நின்றாலும்தான்.

அறுத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் பேச்சுக் கொடுப்பது

அந்த இரைச்சலில் அவர்களே வாயால் பேசிக்கொள்வதில்லை. தள்ளுவண்டியில் மரத்தோடு முன்னும் பின்னும் போய்வரும் ஆளுக்கு, பலகையின் தடிமனை ரம்பக்காரர் விரல்களால் காட்டுவார். அவர் கையைப் பாருங்கள். கேள்விகளை மில் நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்களைப் போட்டுவைக்கும் மில் குளத்தில் மிதக்கும் மரப்பட்டைமேல் கால் வைப்பது

தரை போலத்தான் தெரியும். கீழே தண்ணீர்.

சுவர்ப் பலகைகளைக் கவனிக்காமல் திரும்புவது

பல மில்களில் கட்டடத்தின் பலகையே அங்கே அறுத்ததுதான். வட்ட ரம்பம் விட்டுச்சென்ற தழும்புகள் வில்லாக வளைந்திருக்கும். ஆட்கள் மேலும் கீழும் இழுத்து அறுத்த பலகையில் அவை நேர்க்கோடுகளாக இருக்கும். ஒரே ரம்பத்தில் வில்களுக்கு இடையே இடைவெளி அகன்றிருந்தால், மரத்தை வேகமாகத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டார்ச் ஒன்று கொண்டுபோங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள்.