பேப்பரை வீட்டுக்குப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்: நடைப்பயிற்சி பாதியில் நிற்காமல் இருக்க ஒரு செய்முறை

“மூன்று மாதச் சராசரி 6.2. சர்க்கரை பார்டரில் நிற்கிறது” என்றார் டாக்டர். செங்கோட்டைப் பக்கத்துக்காரனுக்குப் பார்டர் என்றால் பிரானூர் பார்டர்தான் நினைவுக்கு வரும். அங்கே நான் தின்ற பரோட்டாவுக்கெல்லாம் அவர் கணக்குக் கேட்பதைப் போல இருந்தது. இத்தனைக்கும் அங்கே இப்போது கேரள எல்லையே கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே மலைக்கு ஏறிவிட்டது. பெயர் மட்டும் பரோட்டாவோடு அங்கேயே தங்கிவிட்டது.

அன்று முதல் நான்கு முறை நடக்கத் தொடங்கி நான்கு முறையும் விட்டேன். ஐந்தாவது முறை தொடங்கியது பதினான்கு மாதமாக ஓடுகிறது. எப்படி நடப்பது, கையை எப்படி வீசுவது என்பதெல்லாம் இங்கே இல்லை. ஒழுங்காகத் தொடங்கி மூன்றாவது வாரம் காணாமல் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கடிகாரத்தை நம்பாதீர்கள்

‘காலை ஐந்தரை மணி’ என்று முடிவு செய்தால், ஐந்தே முக்காலுக்கு விழிக்கிற நாளில் ‘சரி, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மனம் சொல்லிவிடும். அதற்குப் பதில், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையின் வாலில் நடையைக் கட்டுங்கள். எனக்குப் பால். பாலை வாங்கி அடுப்படியில் வைத்ததும் ஷூவை மாட்டுவேன். பால்காரர் தாமதித்தால் நடையும் தாமதிக்கும், அவ்வளவுதான். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வாக்கியமாக்கி வைப்பது பலன் தரும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியிருக்கிறார். பால்காரருக்கு அது தெரியாது.

படி 2: அளவு

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஐந்து நாள், அரை மணி நேரம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது; அதுதான் மிதமான வேகம். பத்தாயிரம் அடி என்ற எண்ணைத் துரத்தாதீர்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அடி எண்ணும் செயலிகளையும் நான் போனிலிருந்து நீக்கிவிட்டேன். கட்டிலில் படுத்தபடி போனை ஆட்டி எண்ணிக்கையை ஏற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான்.

படி 3: சாட்சி வைப்பது

நாம் நடக்க வராத நாளைக் கவனித்துக் கேட்கிறவர்தான் சாட்சி. நான் அதிகம் இடறி விழுந்தது இங்கேதான்.

முதல் முயற்சியில் வாட்ஸ்அப் குழு. இருபத்து மூன்று பேர். முதல் வாரம் எல்லோரும் நடந்த படத்தைப் போட்டார்கள், இரண்டாம் வாரம் பூப்படத்தோடு காலை வணக்கம், மூன்றாம் வாரம் யாரோ நிலம் விற்கிற செய்தி. இருபத்து மூன்று பேர் பார்க்கிற இடத்தில் நான் வராததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

இரண்டாவது, தெருக்கோடி நண்பரோடு சேர்ந்து நடந்தேன். நன்றாகப் போனது. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் நின்றார், நானும் நின்றேன். கூட நடக்கிறவர் துணைதான், சாட்சி அல்ல. அவர் கால் நின்றால் நம் காலும் நிற்கும்.

மூன்றாவது, மனைவி. “இன்றைக்குப் போகவில்லையா?” என்று அவள் கேட்டது இரண்டு சொல்தான். அது எப்படி நான்கு வருடத்துக்கு முந்தைய நிலப் பத்திரத்தில் போய் நின்றது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் சாட்சி வைக்காதீர்கள்.

நான்காவதில் சாட்சி இல்லாமலே நடந்து பார்த்தேன். பதினோரு நாள்.

ஐந்தாம் முறைதான் பேப்பர் யோசனை வந்தது. காலையில் பேப்பர் படிக்காவிட்டால் எனக்கு நாள் விடியாது. பேப்பர் ஏஜென்டிடம் சொல்லி, என் பேப்பரை வீட்டுக்குப் போடாமல் புளியரை மெயின்ரோட்டில் உள்ள டீக்கடையில் போட வைத்தேன். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கடைக்காரர் புனலூர்க்காரர், அவருக்கு நான் ‘சாரே’, எனக்கு அவர் ‘சேட்டா’. ஏழு மணிக்குள் வந்தால் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடைக்கும். அதற்குப் பிறகு பெஞ்சுக்குப் போய்விடும். சோதனைச் சாவடியில் காத்திருக்கும் லாரி டிரைவர்கள் படித்து, வடையின் எண்ணெய் ஏறி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும்.

ஒரு நாள் போகாமல் மறுநாள் போனேன். “நேற்று மழையில் கரைந்துபோனீர்களா சாரே?” என்றார். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்காக மட்டும் எத்தனையோ காலைகளில் எழுந்திருக்கிறேன்.

ஆக, சாட்சிக்கு என் தகுதிகள்: உறவாக இருக்கக்கூடாது, அவரும் நடக்கிறவராக இருக்கக்கூடாது, உங்களைக் கவனிக்க அவர் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கக்கூடாது, கொஞ்சம் வாய் இருக்கவேண்டும். அவரிடம் உங்கள் பொருள் ஒன்று இருக்கவேண்டும். இதுதான் முக்கியம்.

(சாலையோரம் நடக்கிறவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். இருட்டில் வைக்கோல் லாரி பக்கத்தில் வரும்வரை நாம் இருப்பது டிரைவருக்குத் தெரியாது.)

படி 4: சாரல்

ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று திறந்துகொண்டால் எங்களுக்கு ஆகஸ்ட் வரை குளிர்ச்சி. ஊரெல்லாம் குற்றாலத்துக்கு வரும் காலத்தில் என் நடை இரண்டு முறை செத்தது. மழைதான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். உண்மையில், ஈர ஷூ.

முதல் நாள் ஷூ நனையும். மறுநாள் காயாது, நாற்றம் வேறு. ‘காயட்டும்’ என்று ஒரு நாள் விடுவேன். அதற்குள் மறுபடி தூறும். மூன்றாம் நாள் ஷூவைப் பற்றிய நினைவே இருக்காது. சீக்கிரம் காயட்டும் என்று ஒரு முறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்ததுதான் மிச்சம்.

இப்போது செய்வது: வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை எடுத்துத் தனியாகக் காற்றில் போடுவேன். பழைய பேப்பரைக் கசக்கி ஷூவின் நுனிவரை திணிப்பேன். ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டுப் புதிது. படுக்கப் போகும்முன் இன்னொரு முறை. மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வைத்தால் காலையில் போட முடிகிற அளவுக்கு வந்துவிடும். அப்படியும் வராத நாளுக்கென்று பின்வார் வைத்த ரப்பர் செருப்பு ஒன்று வாசலில் இருக்கிறது. அதை வேறு எதற்கும் போடுவதில்லை.

குடையில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு: காலன்குடை. வளைந்த கைப்பிடியோடு நீளமாக, கேரளப் பக்கத்து அம்மாவன்மார் (மாமாக்கள்) பிடிப்பார்களே, அதுதான். மடக்குக் குடையை எங்கள் ஊர்க் காற்று மூன்றாம் நாளே மல்லாத்திவிடும். மழைக்கோட்டு போட்டால் உள்ளே வியர்வை மழை. தவிர, காலன்குடை நாயை விரட்டவும் உதவும்.

அடித்து ஊற்றுகிற நாளில் வெளியே போகாதீர்கள். வராந்தாவில் பத்து நிமிடம் போதும், அதுவும் ஷூ போட்டுக்கொண்டு. ஒரு நாள் விட்டால் பாதகமில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் விடுவதில்லை என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம்.

படி 5: கோடு போடுவது

மரக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர், தச்சர் பென்சில். நடந்த நாளுக்கு ஒரு கோடு. தூரம், நேரம், எடை எதுவும் எழுதுவதில்லை. இருபத்தொரு நாளில் பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து அது 18 முதல் 254 நாள் வரை விரிந்தது. நான் 254-க்குப் பக்கத்து ஆள்.

பின்னர் சேர்த்தது: படித்துவிட்டுப் போடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டார், “இருட்டில் டீக்கடை வரை நாங்கள் எப்படிப் போவது?” நியாயம், எனக்குத் தோன்றவே இல்லை. அவரே வழியும் கண்டுபிடித்தார். பூக்கட்டும் அக்காவிடம் முந்தின நாளே பணம் கொடுத்துவிட்டு, விடிந்ததும் நடந்து போய்ப் பூ வாங்கி வருகிறாராம். போகாவிட்டால் பூ வாடும், அக்கா கேட்பார். என்னுடையதைவிட நல்ல ஏற்பாடு.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

இன்னொன்று: ஓணத்துக்குச் சேட்டன் கடையைப் பூட்டிக்கொண்டு புனலூர் போய்விடுவார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு நாள் பேப்பர் பக்கத்துப் பஞ்சர் கடையில் விழுந்தது. நான்கு நாளும் ஏழு மணிக்குள்தான் போனேன். குறுக்கெழுத்தை எனக்கு முன்பே யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள், அதுவும் தப்பாக.