சைக்கிள் ரேஸ் பார்ப்பது எப்படி: முன்னால் போகிறவரை விட்டுவிடுங்கள்

முதன்முதலாக நான் உட்கார்ந்து பார்த்த ரோடு ரேஸ், டூர் டி பிரான்ஸின் ஒரு சமதள ஸ்டேஜ். நான்கு பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மீதிக் கூட்டம் ஐந்து நிமிடம் பின்னால். அந்த நால்வரில் ஒருவரை எனக்குப் பிடித்துப்போய்விட, மூன்று மணி நேரம் அவருக்காகவே பார்த்தேன். முடிவுக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டம் வந்து நால்வரையும் விழுங்கியது. அதுவரை திரையில் தலையே காட்டாத ஒருவர் கடைசி 200 மீட்டரில் கிளம்பி ஜெயித்துவிட்டுப் போனார். வர்ணனையாளர்கள் குரலில் ஆச்சரியமே இல்லை. எனக்கு மட்டும் யாரோ பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு சீசன் முழுக்கப் பார்த்த பிறகுதான் என் தப்பு தெரிந்தது. முன்னால் யார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று யார் முகத்தில் அடிக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். அதைப் பழக்கிக்கொள்ளும் வழிதான் கீழே இருப்பது.

படி 1: டூரில் ஆரம்பிக்காதீர்கள்

மூன்று வாரப் பெரும் போட்டிகள் மூன்று உண்டு: மே மாதம் ஜிரோ டி இத்தாலியா, ஜூலையில் டூர் டி பிரான்ஸ், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் வுவெல்டா. ஒவ்வொன்றிலும் 21 ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம். எல்லோரும் டூரிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் ஒரே நேரத்தில் நான்கைந்து போட்டிகள் நடக்கின்றன. புதிதாக வருபவருக்குத் தலை சுற்றிவிடும்.

ஒருநாள் போட்டியில் அந்தக் குழப்பம் கிடையாது. கோட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தார், கதை முடிந்தது. என் தேர்வு ஏப்ரலில் நடக்கும் பாரிஸ்–ரூபே. 1896 முதல் நடக்கிறது. சுமார் 260 கிலோமீட்டரில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கல் பாவிய பழைய பாதைகள். வண்டி உதறுகிறது, டயர் போகிறது, தூசியிலும் சேற்றிலும் ஆளே அடையாளம் தெரிவதில்லை. கல் பாதைகளுக்குப் பெரிய எண்ணிலிருந்து இறங்குமுகமாக எண் கொடுத்திருப்பதால், இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்கவே வேண்டியதில்லை. விதிகள் எதுவும் தெரியாமலே ரசிக்கலாம்.

மார்ச்சில் வரும் மிலான்–சான் ரெமோ இதற்கு நேர் எதிர். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். நடக்க வேண்டியதெல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் நடக்கிறது. அதை முழுதாகப் பார்ப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நான் பார்ப்பதில்லை.

படி 2: வரைபடத்தையும் பெயர்ப் பட்டியலையும் பாருங்கள்

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு படம் வெளியிடுவார்கள். அந்தப் படம் பொய் சொல்லும். உயரத்தை இழுத்து வரைந்திருப்பதால் சின்ன மேடுகூட ஊசி முனை மாதிரி தெரியும். நீளத்தையும் சதவீதத்தையும் மட்டும் படியுங்கள். ஆல்ப் டுவெஸ் ஏற்றம் சுமார் 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றவை புரிந்துவிடும். 4 என்று தரம் போட்டிருந்தால் லேசான மேடு, 1 என்றால் கடினம். அதற்கும் மேலே, தரத்துக்குள் அடங்காதது என்று ஒரு வகை இருக்கிறது.

பெயர்ப் பட்டியலுக்கு நான் பயன்படுத்துவது புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் தளம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. இதயத் துடிப்பு, வாட்ஸ் என்று நேரலையில் எண்களைக் கொட்டும் செயலிகள் இப்போதைக்கு வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் அதைவிட உதவும். ஏன் என்று படி 4-இல் சொல்கிறேன்.

படி 3: காற்றில் யார்?

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

சமதளத்தில் வேகமாகப் போகும்போது ஓட்டுபவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. இன்னொருவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பெலட்டான் என்று சொல்லப்படும் பெருங்கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறையும். முன்னால் தனியாகப் போகிற நான்கு பேர் முறைபோட்டு மாறி மாறிக் காற்றைத் தாங்குகிறார்கள். பின்னால் நூற்றைம்பது பேரில் ஏழெட்டு பேர் மட்டும் தாங்குகிறார்கள்; மற்றவர்கள் சொகுசாக வருகிறார்கள். இந்தக் கணக்கு புரிந்தால் அந்த நால்வரின் கதி காலையிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் எதற்காகத் தனியே ஓடுகிறார்கள்? ஏன் ஓட விடுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல்தான் நான் வாரக்கணக்கில் எரிச்சலோடு பார்த்தேன்.

ஓடுபவர்கள் பக்கம்: சிறிய அணிக்கு ஸ்பிரின்டில், அதாவது கடைசி மீட்டர்களின் வேகப் பாய்ச்சலில், ஜெயிக்க ஆள் இல்லை. நாலு மணி நேரம் சட்டையில் இருக்கும் விளம்பரதாரர் பெயர் திரையில் தெரிவதே அவர்களுக்கு லாபம். எப்போதாவது பின்னால் இருப்பவர்கள் கணக்குத் தப்பினால் வெற்றியும் கிடைக்கும்.

விடுபவர்கள் பக்கம்: முன்னால் யாரும் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் கிளம்புவார், ஒவ்வொருவரையும் துரத்த வேண்டும். நான்கு பலவீனமானவர்கள் முன்னால் இருந்தால் பந்தயம் அமைதியாகிவிடும். அவர்களைக் கயிறு கட்டி விட்டமாதிரி வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் இழுத்துக்கொள்ளலாம். சீக்கிரம் பிடித்துவிட்டால் புதிதாக யாராவது கிளம்புவார்கள் என்பதற்காகவே வேகத்தைக் குறைப்பதும் உண்டு. நான் இதைத் தெரியாமல், "கூட்டம் களைத்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

ஆகவே செய்ய வேண்டியது: கேமரா பெலட்டானைக் காட்டும்போதெல்லாம் முதல் பத்துத் தலைகளைப் பாருங்கள். எந்த நிறச் சட்டை? முதல் ஆளாக நின்று இழுக்கும் அணிக்கு இன்று ஏதோ திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். இழுப்பவர்களுக்கு டொமெஸ்டிக் என்று பெயர், பிரெஞ்சில் வேலைக்காரர் என்று பொருள். பெரும் போட்டிகளில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அவர்களில் பெரும்பாலோர் தலைவருக்காகக் காற்றைத் தாங்கவும், பின்னால் வரும் அணியின் காருக்குப் போய் முதுகு நிறையத் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு வரவும்தான் இருக்கிறார்கள். தலைவரின் டயர் போனால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பவர்களும் உண்டு.

மலையில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். வேகம் குறைவதால் காற்றின் பங்கும் குறைகிறது. உடல் எடையும் காலின் பலமும் பேச ஆரம்பிக்கின்றன.

படி 4: இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்

தாளும் பேனாவும் இதற்குத்தான். பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை, மீதி தூரத்தையும் இடைவெளியையும் எழுதுங்கள். பிரெஞ்சு வர்ணனையாளர் ரொபேர் ஷபாத் பெயரால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: பெலட்டான் முழுமூச்சாகத் துரத்தினால் 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் பிடிக்கலாம். 30 கிலோமீட்டர் பாக்கி, இடைவெளி 2 நிமிடம் என்றால் முன்னால் இருப்பவர்களுக்காக மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 20 பாக்கி, 3 நிமிடம் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். மலை வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சமதளத்துக்கு இன்றும் கைகொடுக்கிறது.

படி 5: மஞ்சள் சட்டைக் கணக்கு

இப்போது டூருக்கு வரலாம். 21 நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்கு மிகக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. ஒரு ஸ்டேஜில்கூட முதலில் வராமல் டூரை ஜெயிக்கலாம். 2017-இல் கிறிஸ் ஃப்ரூம் அப்படித்தான் ஜெயித்தார், 54 வினாடி வித்தியாசத்தில். இந்தப் பக்கம் மார்க் கேவண்டிஷ் 35 ஸ்டேஜ்கள் ஜெயித்து, 2024-இல் எடி மெர்க்ஸின் 34-ஐத் தாண்டினார். ஆனால் அவர் சமதளத்து ஸ்பிரின்டர், மொத்தக் கணக்கில் மஞ்சளுக்குப் போட்டியிட்டவரே இல்லை. இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், இரண்டு தனித்தனிப் போட்டிகள் ஒரே சாலையில் நடக்கின்றன என்பது விளங்கும்.

பச்சை ஜெர்சி ஸ்டேஜ் முடிவிலும் இடையிலும் சேர்க்கும் புள்ளிகளுக்கு, சிவப்புப் பொட்டு போட்ட ஜெர்சி மலையேற்றப் புள்ளிகளுக்கு, வெள்ளை 25 வயதைத் தாண்டாத இளைஞர்களில் முதல்வருக்கு. ஜிரோவில் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு, வுவெல்டாவில் சிவப்பு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் அந்தந்தப் போட்டியைத் தொடங்கிய செய்தித்தாள்களின் காகித நிறம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம்: முன்னால் தப்பிப் போகிறவர் மொத்த நேரத்தில் 50 நிமிடம் பின்தங்கியவராக இருந்தால், மஞ்சள் சட்டை அணி அவரைத் துரத்தாது. பன்னிரண்டு நிமிடம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடும். மூன்றாவது வாரத்து மேடுபள்ள ஸ்டேஜ்களில் தப்பி ஓடுபவர்கள் நிஜமாகவே ஜெயிப்பதற்கு இதுதான் காரணம். என் முதல் நாள் ஹீரோவை நான் அங்கே தேடியிருக்க வேண்டும்.

வினாடிகள் அற்பமாகத் தோன்றினால் 1989-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள், பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனியாள் ஓட்டம்; ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனைவிட 50 வினாடி பின்னால். அன்று 58 வினாடி மீட்டு, மூன்று வாரப் போட்டியை 8 வினாடியில் ஜெயித்தார். இதிலும் காற்றுதான்: லெமாண்ட் முழங்கைகளை ஒடுக்கி முன்னால் நீட்டிக்கொள்ளும் கைப்பிடி வைத்திருந்தார்; ஃபின்யோனிடம் அது இல்லை, ஹெல்மெட்டும் போடவில்லை.

படி 6: கடைசி கிலோமீட்டர்கள்

1 கிலோமீட்டர் பாக்கி என்பதற்கு மேலே ஒரு சிவப்பு முக்கோணக் கொடி தொங்கும். ஸ்பிரின்ட் ஸ்டேஜ் என்றால் அதற்கு முன்பே ஒரே நிறச் சட்டைகள் வரிசையாகக் கோத்து முன்னேறும். வரிசையின் கடைசி ஆளைப் பாருங்கள், அவர்தான் ஸ்பிரின்டர். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எரிந்து விலகுவார்கள்.

கைதூக்கிக் கொண்டாடினால் முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 2020-இல் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் என்ற ஒருநாள் போட்டியில் ஜூலியன் அலாஃபிலிப் கையை உயர்த்தினார். பிரிமோஸ் ரோக்லிச் சக்கரத்தை நீட்டி வெற்றியை எடுத்துக்கொண்டார்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: "மலையில் முதல் இடத்தில் இருப்பவர் மஞ்சள் போட்டிருக்கிறார், பொட்டுச் சட்டை வேறொருவரிடம் இருக்கிறதே?" இதை எழுத விட்டுவிட்டேன். ஒருவர் இரண்டு பட்டியலில் முதலாக இருந்தால் பெரியதைப் போட்டுக்கொள்வார். அடுத்தது இரண்டாம் இடத்தவருக்கு இரவல். 2020-லும் 2021-லும் தடேய் பொகாச்சர் மஞ்சள், பொட்டு, வெள்ளை மூன்றையும் ஜெயித்தார், ஆனால் உடம்பு ஒன்றுதானே.

இன்னொருவருக்கு வந்த சந்தேகம்: கடைசியில் விழுந்தவருக்கு ஏன் நேரம் கூடவில்லை? மலையுச்சியில் முடியாத ஸ்டேஜ்களில், கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால் அவர் இருந்த கூட்டத்தின் நேரமே அவருக்கும் கிடைக்கும். சில நாட்களில் இதை 5 கிலோமீட்டர் வரை நீட்டுகிறார்கள்.

"சமதள ஸ்டேஜ் சலிப்பாக இருக்கிறது" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் மறைப்பில்லாத திறந்தவெளியில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். காற்று பக்கத்திலிருந்து வந்தால் ஒதுங்க இடம் பின்னால் இருக்காது, சாய்வாகப் பக்கத்தில்தான் இருக்கும். சாலையின் அகலத்துக்குள் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் அந்த நிழலில் நிற்க முடியாது. மற்றவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாகத் தொங்கி, ஒருவர் விட்டால் அவர் பின்னால் இருக்கும் எல்லோரும் அறுந்துபோவார்கள். மஞ்சள் கனவில் வந்தவர்கள் ஒரு மலைகூட ஏறாமல் இப்படி நிமிடக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். மரக்கிளையும் கொடியும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஹெலிகாப்டர் காட்சியில் பாருங்கள். பெரிய அணிகள் திடீரென்று முன்னால் நெருக்கிக்கொண்டு வந்தால், அடுத்த திருப்பத்தில் காற்றின் பக்கம் மாறப்போகிறது.