லோட் டெஸ்ட்டா? சர்வர் கணக்கை 5 விநாடிக்கு ஒருமுறை எடுங்கள்

லினக்ஸ் சர்வரில் லோட் டெஸ்ட் (ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவதுபோல் சுமை ஏற்றிப் பார்ப்பது) தொடங்குவதற்கு 5 நிமிடம் முன்பே, சிபியு, மெமரி பயன்பாட்டைக் காட்டும் 'சார்' (sar) கட்டளையை 5 விநாடி இடைவெளியில் ஓடவிட்டு, ஒரு ஃபைலில் சேமியுங்கள். டெஸ்ட் முடிந்த பிறகும் 5 நிமிடம் ஓடட்டும்.

சார் அடங்கிய சிஸ்ஸ்டாட் (sysstat) தொகுப்பு வழக்கமாகத் தானே கணக்கெடுப்பது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். நடுவில் 1 நிமிடம் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டு, மீதி 9 நிமிடம் 20 சதவீதத்தில் இருந்தால், ரிப்போர்ட்டில் தெரிவது வெறும் 28 சதவீதம். அந்த 1 நிமிடம் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்ததற்குத் தடயமே இருக்காது. முன்னும் பின்னும் எடுப்பது, லோடு போனதும் மெமரி பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்க. அப்புறம், ஜேமீட்டர் (லோடு கொடுக்கும் கருவி) ஓடும் மெஷினும் சர்வரும் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக ஒரே நேரம் காட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். நேரம் பிசகினால் இரண்டு கிராஃபையும் பொருத்திப் பார்க்க முடியாது.

நாள் முழுக்க ஓடும் சோக் டெஸ்ட்டுக்கு 1 நிமிட இடைவெளி போதும். ஆப், டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் ஆப்பைத் தனியாகப் பிரித்து ஓட்டும் அமைப்பு) ஓடினால் இது சரிவராது, சார் காட்டுவது ஹோஸ்ட் மெஷினின் மொத்தக் கணக்கை. அங்கே டாக்கர் ஸ்டாட்ஸ் மாதிரி ஒன்றைப் பயன்படுத்துங்கள்.