டயர் சைஸ் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மன்னார்குடிப் பக்கம் புதிதாகக் கார் வாங்கும் தம்பிகள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே வேலையைத்தான் இன்னும் செய்கிறார்கள். காற்று பார்ப்பது, தேய்ந்த டயரை மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்துக்காகப் பெரிய டயர்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. 185/65 ஆர் 15 டயரோடு வந்த காருக்கு ஒரு தம்பி 205/65 போட்டார். ரிம் அதேதான், டயர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்த 185 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம், 65 என்பது சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், அகலத்தில் 65 சதவீதம் உயரம் என்பது. அகலம் கூடினால் சைடுவால் உயரமும் கூடும். மொத்த விட்டம் 26 மி.மீ. கூடியது, வண்டி தரையிலிருந்து எழும்பியதோ அதில் பாதி, வெறும் 13 மி.மீ.

இதற்காக, சக்கரம் பெரிதானதில் இழுவை 4 சதவீதம் போனது. நாலுதானே என்று தோன்றும். டயரின் கனமும் சேர்ந்துகொள்ள, ஆள் நிறைய ஏற்றி, ஏசி போட்டு, வயல் பாதையிலிருந்து ஆற்றங்கரை ரோட்டுக்கு ஏறும்போது ஃபர்ஸ்ட் கியரில் வண்டி திணறியது, அவரும் அரை கிளட்சிலேயே ஏற்றிப் பழகிவிட்டார். பிக்கப் இல்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள், பிளக் மாற்றினார்கள், கடைசியில் கிளட்ச் பிளேட்டும் போனது. டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை!

பிரேக்கிலும் இதே கதைதான். பிரேக் டிஸ்க் அதே அளவுதான், சக்கரம் பெரியது. அதே அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கும் பலம் குறையும், பெடலை இன்னும் மிதிக்க வேண்டும். மீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் வேறு போய்க்கொண்டிருப்பீர்கள், எதிரே கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து திரும்பும்.

அகலம் வேண்டும் என்றால் 195/60 ஆர் 15 போடுங்கள், விட்டம் 1 சதவீதம்தான் குறையும்.

அகல டயர் சீக்கிரம் நிற்கும் என்று நம்புவது

காய்ந்த ரோட்டில் ஓரளவு சரி. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில், அதே வேகத்தில் அகல டயர்தான் முதலில் மிதக்கும். மிதந்துவிட்டால் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

லோடு எண்

டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எண் இது. கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது.

ரோட்டில் வைக்கோல்

எந்த சைஸும் வழுக்கும். மெதுவாகப் போங்கள்.

ஸ்டெப்னியைப் பழைய சைஸில் விடுவது

முன்பக்கம் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று ஓட்டினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேறு வழியில்லை என்றால் பின் சக்கரத்தில் போட்டு, பஞ்சர் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.