தலைவர் பெயரில் ஒரு பிராண்டிங் வேலை வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பிராண்டிங், டிசைன் வேலை செய்பவர்களுக்கு மார்ச் பிறந்ததும் ஒரு குறிப்பிட்ட வகை அழைப்பு வரத் தொடங்கும். தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், அதாவது தந்தை செல்வாவின் பிறந்தநாள் மார்ச் 31, நினைவுநாள் ஏப்ரல் 26. நினைவு மலர், மண்டப மேடை, புலமைப்பரிசில் நிதியத்துக்கு லோகோ, பாடசாலைக் கண்காட்சிக்குப் பதாகைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். 2027 ஏப்ரல் 26 அவருடைய 50ஆவது நினைவுநாள். அதையொட்டி இத்தகைய வேலைகள் கூடும். இவற்றை ஒரு கடைத் திறப்புவிழா வேலையைப் போல எடுத்துச் செய்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. இது பாதி டிசைன், பாதி சரிபார்ப்பு. சரிபார்ப்பு முன்னால் வர வேண்டும்.

எல்லோரும் படத்தில்தான் தொடங்குகிறார்கள், நாமும் அங்கேயே தொடங்குவோம். வாடிக்கையாளர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். பல கை மாறி, ஓரம் வெட்டுப்பட்டு, தெளிவு குறைந்த படம். அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டால் பளிச்சென்று வரும். ஆனால் வருவது அவருடைய முகம் அல்ல. விடுபட்ட இடங்களைச் செயலி ஊகித்து நிரப்புகிறது; கன்னத்தின் ஒடுக்கம் மறைகிறது, கண் மாறுகிறது. செல்வநாயகத்தை நேரில் கண்ட முதியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன் இன்னொருவர் முகத்தை வைத்து மாலை போடச் சொல்வது சரியல்ல. படம் மங்கலாக இருந்தால் சிறிதாகப் போடுங்கள். கறுப்பு வெள்ளையாகவே விடுங்கள். பதாகையை எழுத்தால் நிரப்பலாம்.

இப்போது குரலையும் செய்து தரும்படி கேட்கிறார்கள். ஒரு நிமிட வீடியோ, அதில் தலைவர் பேசுவது போல, பின்னணியில் பறை முழக்கம். இதை ஒப்புக்கொள்ளவே கூடாது. செல்வநாயகம் மேடையை அதிரவைத்த பேச்சாளர் அல்லர். மெல்லிய குரல், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் அந்தக் குரலும் தளர்ந்தது. அப்படியிருந்தும் மக்கள் அமைதியாக இருந்து கேட்டார்கள் என்பதுதான் அவருடைய பெருமை. இடிமுழக்கக் குரலைச் செயற்கையாக வைக்கும்போது அந்தப் பெருமையைத்தான் அழிக்கிறோம். வாடிக்கையாளரிடம் இதை இப்படியே எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் படக்குறிப்புகள். அதிகம் பிழை விழும் இடம் இதுதான், அதுவும் நம்முடைய ஊரைப் பற்றியே விழுகிறது. தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது 1949 டிசம்பர் 18. அதன் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் திருகோணமலையில் நடந்தது. எல்லோரும் திருமலை மாநாடு என்று நினைவுகூர்வது 1956 ஓகஸ்டில் நடந்ததை. இரண்டும் இங்கேயே நடந்ததால் ஒன்றின் படத்துக்கு மற்றதன் ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். 1956 யூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் இருந்த சத்தியாக்கிரகம், 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் கச்சேரியில் (அரச செயலகத்தில்) தொடங்கித் திருகோணமலைக்கும் பரவிய சத்தியாக்கிரகம், இவற்றின் படங்களும் இதே குவியலில்தான் கிடக்கும். எல்லாவற்றிலும் வேட்டி கட்டியவர்கள் தரையில் அமர்ந்திருப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் இன்ன ஆண்டு என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய பிழை, 1956 மாநாட்டைத் தனிநாடு கேட்ட மாநாடு என்று எழுதுவது. அங்கே கேட்கப்பட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி. அதனுடன் தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நீக்குவது, தமிழ்ப் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது. ஓராண்டுக் கெடு வைத்தார்கள். அந்தக் கெடு முடியுமுன் 1957 யூலை 26 இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1958 ஏப்ரலில் பிரதமர் பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார். தனிநாட்டுத் தீர்மானம் 1976 மே 14 வட்டுக்கோட்டையில் வந்தது. இடையில் இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுக் காத்திருப்பை ஒரு வரியில் விழுங்கிவிடும் பதாகை, அவர் பாடுபட்ட கதையையே சொல்லாமல் விடுகிறது. இன்னொன்று: அவர் காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர். 1956 இல் திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினர் இராஜவரோதயம். உள்ளூர்க் கண்காட்சியில் இராஜவரோதயத்தின் பெயர் விடுபடுவது வருத்தமான விஷயம்.

எங்கே சரிபார்ப்பது? ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் பழைய மலர்களும் பத்திரிகைகளும் கிடைக்கின்றன. தமிழரசுக் கட்சியின் குரலாக இருந்த ‘சுதந்திரன்’ இதழ்களைப் பாருங்கள். பாராளுமன்ற உரை என்றால், அந்த உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட். முகநூலில் சுற்றும் மேற்கோள் படங்களை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக எல்லோரும் சொல்லும் வாசகம் இருக்கிறதே, அதைப் போடக் கேட்டால்கூட எந்த ஆண்டு, எந்தச் சந்தர்ப்பம் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வேறு வாசகம் தேடுவோம்.

சின்னங்களில் மிகுந்த கவனம் வேண்டும். புலமைப்பரிசில் நிதியத்தின் லோகோவில் வீடு வரைந்தால் அது தமிழரசுக் கட்சியின் சின்னம். சூரியக் கதிர் வரைந்தால் அது தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். அந்தச் சின்னத்தில் கூட்டணி 1977 யூலையில் தேர்தலில் நின்றபோது செல்வநாயகம் உயிருடன் இல்லை. டிசைனர் அழகுக்காகப் போட்ட கதிர், பார்ப்பவருக்கு வாக்குக் கேட்பதாகத் தெரியும். நிதியத்துக்கு எல்லாக் கட்சிக்காரரும் காசு தர வேண்டும், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் இது தொடக்கத்திலேயே தடையாகிவிடும்.

பின்னணியில் கோணேஸ்வரக் கோபுரம் வைப்பதும் இங்கே கைப்பழக்கம். கோயில் நம் எல்லோருக்கும் பெருமை, அதில் கேள்வி இல்லை. ஆனால் செல்வநாயகம் கிறிஸ்தவர். சைவர்கள் நிறைந்த தொகுதி அவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தது. அவருடைய கட்சி பேசியது ‘தமிழ் பேசும் மக்கள்’ சார்பில். 1956 இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் அந்தக் கட்சியில் நின்று முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றார்கள். அப்படிப்பட்டவருக்கு நெற்றியில் திருநீறு வரைவதும், ஒரே ஒரு மதத்தின் அடையாளத்தைப் பின்னால் நிறுத்துவதும் அவரைக் குறுக்கிவிடும். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் ஒரு மாணவிக்கும் அந்த மண்டபம் தன்னுடையது என்று தோன்ற வேண்டும்.

அதே காரணத்துக்காக மும்மொழிப் பலகைகளையும் கடைசி இரவுக்கு விடாதீர்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதி, சிங்களத்தில் மூன்று வரியாகச் சுருக்கி, சங்கடமான பகுதியை மெல்ல விட்டுவிடுவார்கள். நம் ஊரில் இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். விட்டது எது என்று உடனே தெரிந்துவிடும். மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருக்கட்டும். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அதை எழுதட்டும்.

எழுத்துரு விஷயம் சுருக்கமாக: விழாக் குழுவினர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தருவார்கள், யுனிகோட்டுக்கு மாற்றும்போது ஆங்கிலப் பெயர்களும் நிறுத்தக்குறிகளும் சிதையும். மாற்றிய பிறகு ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபிடிக்க வேண்டும்.

உரிமையையும் பலர் யோசிப்பதில்லை. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஒரு புகைப்படத்தில் ஆக்கியவர் என்றால் படம் பிடித்தவர். படத்தில் இருக்கும் தலைவர் அல்லர். ஆக, “இது எங்கள் தலைவர் படம், யார் கேட்கப் போகிறார்கள்” என்ற பேச்சு உதவாது. ஸ்டூடியோக் குடும்பத்திடமோ பத்திரிகையிடமோ கடிதம் மூலம் அனுமதி வாங்குங்கள், படத்தின் கீழ் பெயரைப் போடுங்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு ஹோட்டல் தன் உணவகத்துக்கு அவர் பெயரும் முகமும் கேட்டால், என் முடிவு: அந்த வேலையை எடுக்க வேண்டாம்.

கடைசியாக, பணம் பேசும் இடம். கொட்டேஷனில் சரிபார்ப்பைத் தனி வரியாகப் போட்டு, அதற்குரிய கூலியைக் கேளுங்கள்; இலவசமாகச் செய்வதாகச் சொன்னால் அவசரத்தில் அதுதான் முதலில் வெட்டுப்படும். அச்சுக்குப் போகுமுன் காகிதத்தில் பெரிய எழுத்தில் ஒரு படி எடுத்து, குழுவின் தலைவரிடமும் அந்தக் காலத்தை அறிந்த வெளியார் ஒருவரிடமும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். கல்வெட்டு என்றால் கல் வெட்டுபவரிடம் அந்தக் கையெழுத்துப் படியையே கொடுங்கள், தொலைபேசியில் சொல்லித் திருத்த விடாதீர்கள்.