உப்புக்காற்றில் எலெக்ட்ரிக் கிதார்: கடலோர மேடைகளில் வாசிப்போருக்கு

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று திருவிழா மேடைகளில் வாசிக்கும் ராக் கிதார் கலைஞர் முதலில் காக்க வேண்டியது தம் கருவியிலுள்ள எஃகை. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையே வண்ணம் பூசிப் பூசிக் காக்க வேண்டியிருந்த காற்றில், கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள முதல் தந்தி எத்தனை நாள் தாங்கும்?

உப்புத்துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. விரல் வியர்வையும் அதனோடு சேர்கிறது. மெல்லிய மூன்று தந்திகளுக்கு மேலே சுற்றுக்கம்பி கிடையாது என்பதால் அவைதாம் பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கும். ஆகவே வாசிப்பதற்கு முன் கைகளைக் கழுவுங்கள். வாசித்து முடித்ததும், சாப்பிடப் போவதற்கு முன்பாகவே, பழைய பருத்தி வேட்டித் துண்டைத் தந்திகளுக்கு அடியிலும் செலுத்தி ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அந்தத் துணியை நல்ல தண்ணீரில் மட்டுமே அலச வேண்டும். உவர்நீரில் அலசிக் காயவைத்தால் துணியே தந்திக்கு உப்பு பூசிவிடும். பாலிமர் பூச்சுள்ள தந்திகள் விலை கூடியவை. ஆனாலும் புதிய பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் கருவி) வாங்கும் பணத்தை இதற்குச் செலவிடுவதே இந்தக் கரையில் சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. பத்தாம் எண் தந்தித் தொகுதி (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன்) கழுத்துப்பகுதியை ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது.

கரகரப்பு கேட்டால் உடனே தந்தி அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஒயரின் பிளக் செருகும் ஜாக்கின் தொடுமுனையிலும் வால்யூம் குமிழின் உள்ளேயும் படிந்த களிம்பே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கான்டாக்ட் கிளீனர் சிறிது அடித்து, பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் தீர்ந்துவிடும்.

ஏசி வேனிலோ லாட்ஜ் அறையிலோ குளிர்ந்திருந்த கிதாரைக் கடற்கரை மேடையில் உடனே வெளியே எடுத்தால், குளிர்ந்த பானையின் மேல் போல அதன் உலோகப் பகுதிகளிலெல்லாம் நீர் பூக்கும். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுத்துச் சுருதி சேருங்கள். வெடிச்சத்தத்துக்கு நடுவிலும் சுருதி பார்க்க, தலைப்பகுதியில் கவ்வும் டியூனர் உதவும். அது மைக்கை நம்பாமல் மரத்தின் அதிர்வை அறிகிறது.

பயிற்சிக்கு மின்சாரம் தேவையில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஓர் இசைத்தொடர் பிசகாமல் வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். தந்தியை வளைத்து முழுச்சுரம் ஏற்றுவதை மட்டும் தினமும் தனியாகப் பழக வேண்டும்: இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) மேலே உள்ள சுரத்தை முதலில் வாசித்துக் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு கீழிருந்து வளைத்து அதே இடத்தைத் தொடுங்கள். கடற்காற்று நுண்ணொலிகளை அள்ளிக்கொண்டு போகும் திறந்த மேடையில், காதை நம்பாமல் கை தானாகவே அந்த அளவை அறிந்திருக்க வேண்டும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து ராக் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸிலுள்ள ஸ்வான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். கிதாரின் தந்திகள் ஆம்ப்பின் (கிதார் ஒலியைப் பெருக்கும் கருவியின்) எர்த்தோடு இணைந்தவை. மைக் வேறொரு இணைப்பிலிருந்து வரும். இரண்டில் ஒன்றில் எர்த் அறுந்திருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயக்கூடும். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளிலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணலிலும் இந்த ஆபத்து மிகும். எனவே எர்த் கம்பி எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்று மைக் செட்காரரிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள்; ஆம்ப்பையும் மிக்ஸரையும் ஒரே இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்; பாடுவதற்கு முன் மைக்கின் வலையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், யார் வற்புறுத்தினாலும் மேடை ஏற வேண்டாம். எரியாவிட்டாலும் மைக்குக்குப் பஞ்சுறை மாட்டியே பாடுங்கள்; அது உதட்டை உலோகத்திலிருந்து விலக்கி வைப்பதோடு, வாடைக்காற்றின் இரைச்சலையும் குறைக்கும்.